சரிவில் நிற்கும் பாதம்: எலும்பு ஒட்டும் எம்.ஆர்.ஐ. படமும்

போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில், சிலமலையை அடுத்து இருக்கிறது ராசிங்காபுரம். விடிவதற்கு முன்பே இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பகுதி ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகிற ஜீப்புகள் அவை. போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏலச்செடியில் காய் பிடிக்கும் சரம் தூரிலிருந்து புறப்பட்டுத் தரையோடு கிடக்கும். அதனால் காய் எடுப்பவர் நிமிர்ந்து நின்று பறிக்க முடியாது. குந்தியும் குனிந்தும், மேட்டில் ஒரு காலும் பள்ளத்தில் ஒரு காலுமாக, சருகு மூடிய ஈர மண்ணில் செடிக்குச் செடி நகர வேண்டும்.

இந்த வேலையின் பாடுகளைச் சொல்லும்போது இடுப்பு வலியும் முழங்கால் வலியும் வரும், அட்டைக்கடி வரும். பாதத்தைப் பற்றிய பேச்சு அபூர்வம். சரிவு முதலில் கணக்குக் கேட்பதோ பாதத்திடம்தான்.

சரிவைக் குறுக்கே கடக்கும் ஒருவரின் மேட்டுப்பக்கப் பாதம் வெளிப்புறமாகவும், பள்ளத்துப்பக்கப் பாதம் உட்புறமாகவும் திரும்பிக்கொடுத்தால்தான் உடம்பு நேராக நிற்கும். இந்தத் திருப்பத்தைக் கணுக்கால் மூட்டு செய்வதாகத்தான் பலரும் நினைக்கிறோம். கணுக்கால் மூட்டின் வேலை பெரும்பாலும் பாதத்தை மேலும் கீழும் அசைப்பதோடு முடிந்துவிடுகிறது. பக்கவாட்டுச் சாய்வைக் கவனித்துக்கொள்வது அதற்கு நேர் கீழே, டாலஸ் எலும்பும் குதிகால் எலும்பும் சந்திக்கும் மூட்டு. அதோடு சேர்ந்து இயங்குவது டாலஸுக்கு முன்னால் இருக்கும் நேவிகுலர் என்ற எலும்பின் மூட்டு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இந்தச் சிறு மூட்டுகள் சமதரையில் குறைவாகவும் மலைச்சரிவில் அடிக்கு அடியும் உழைக்கின்றன.

சிலருக்கு இந்த எலும்புகள் பிறவியிலேயே ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். மருத்துவர்கள் இதை டார்சல் கோயலிஷன் என்பார்கள். பாத எலும்பு ஒட்டு என்று நாம் சொல்லலாம். பாதத்தின் பின்பாதியில் இருக்கும் ஏழு எலும்புகளும் கருவில் தொடர்ச்சியான இளந்திசுவாக இருந்து, பிறகு தனித்தனியாகப் பிரிகின்றன. அந்தப் பிரிவு ஓரிடத்தில் முழுமையடையாமல் போனால், இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு பாலம் மிஞ்சுகிறது. பாலம் நார்த்திசுவாக இருக்கலாம், குருத்தெலும்பாக இருக்கலாம், முற்றிய எலும்பாகவும் இருக்கலாம். பத்தில் ஒன்பது ஒட்டுகள் இரண்டே இடங்களில் அமைகின்றன: குதிகால் எலும்புக்கும் நேவிகுலருக்கும் நடுவே, அல்லது டாலஸுக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவே. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரண்டு கால்களிலும் இருக்கும்.

பிறவிக் கோளாறு என்றாலும் குழந்தைப் பருவத்தில் அது ஓசைப்படாமல் கிடக்கும். பாலம் அப்போது மென்மையானது, வளைந்துகொடுக்கும். குதிகால் எலும்பு–நேவிகுலர் ஒட்டு 8 முதல் 12 வயதுக்குள்ளும், டாலஸ்–குதிகால் ஒட்டு 12 முதல் 16 வயதுக்குள்ளும் இறுகத் தொடங்குகிறது. வலி வெளிப்படுவதும் அந்தந்த வயதில்தான். கபடி ஆடிய மறுநாள் பிள்ளை நொண்டும். கால் அடிக்கடி பிசகும். மேடு பள்ளத்தில் நடந்தால் வலி, வீட்டுத் தரையில் நடந்தால் இல்லை. பாதம் தட்டையாகி, குதிகால் வெளிப்பக்கம் சரியும். வீட்டில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான்: எண்ணெய் போட்டுச் சுளுக்கு வழிப்பார்கள், பற்றுப் போடுவார்கள், வளர்கிற பிள்ளைக்கு வரும் வலி என்று ஆறுதல் சொல்வார்கள். சில வாரங்கள் ஓய்வு கிடைத்தால் வலி அடங்கவும் செய்யும், அதனால் வைத்தியம் பலித்ததாகவே தோன்றும். பெரியவர்களில் சிலருக்கு முப்பது நாற்பது வயதில் ஒரு சின்னச் சறுக்கலுக்குப் பிறகு முதல் முறையாக வலி கிளம்பி, விடாமல் நிற்கும். அவர்களுக்கு 'வாதம்' என்ற ஒரே சொல்லில் எல்லாம் முடிந்துபோகிறது.

மருத்துவ உலகமும் இந்த ஒட்டை அடையாளம் காண நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் க்ரூவேயே 1829-ல் குதிகால் எலும்பும் நேவிகுலரும் ஒட்டியிருந்ததை விவரித்தார். ஆஸ்திரியாவின் சுக்கர்காண்டில் 1877-ல் டாலஸ்–குதிகால் ஒட்டை எழுதிவைத்தார். இரண்டும் இறந்தவர்களின் பாதங்களை அறுத்துப் பார்த்துக் கண்டவை. ராண்ட்ஜன் 1895-ல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த மூன்றே ஆண்டுகளில், 1898-ல், கிர்மிசோன் உயிரோடிருக்கும் ஒருவரின் பாத ஒட்டை எக்ஸ்ரேயில் காட்டினார். 1921-ல் ஸ்லோமன் பாதத்தைச் சாய்த்துவைத்து எடுக்கும் கோணத்தின் அருமையை உணர்த்தினார். நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த படத்தில் ஒளிந்துகொள்ளும் குதிகால்–நேவிகுலர் பாலம், 45 பாகைச் சாய்வில் எடுத்த படத்தில் பளிச்சென்று தெரியும்.

இந்த வரலாற்றில் என் மனத்தில் அதிகம் தங்கியது கனடாவில் நடந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹாரிஸ், பீத் என்ற இரு மருத்துவர்கள் 3,600-க்கும் மேற்பட்ட கனடியப் படைவீரர்களின் பாதங்களைச் சோதித்து, 1947-ல் அறிக்கை வெளியிட்டார்கள். அதுவரை, இறுகிய தட்டைப் பாதத்துக்குக் காரணம் காலின் வெளிப்பக்கத்தில் ஓடும் பெரோனியல் தசைகளின் இசிவுதான் என்று நம்பிவந்தார்கள். குதிகாலைப் பின்னாலிருந்து சாய்வாக எக்ஸ்ரே எடுத்து, அந்த இசிவுக்குப் பின்னால் டாலஸ்–குதிகால் எலும்புப் பாலம் இருப்பதை 1948-ல் அவர்கள் எழுதிய கட்டுரை எடுத்துக் காட்டியது. எலும்பு செய்ததற்குத் தசையின் மேல் பழி சுமத்தி அரை நூற்றாண்டு வைத்தியம் நடந்திருக்கிறது. இன்று எம்.ஆர்.ஐ. படத்தின் முன்னால் உட்காருகிறவரும் இதே வகைத் தவறுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து சேரலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பாதத்தைப் பற்றிய உருப்படியான ஆய்வுகள் நம் நாட்டிலும் நடந்திருக்கின்றன. மணிப்பாலின் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் பாத அச்சுகளை ஆராய்ந்து 1992-ல் வெளியிட்ட கட்டுரையை உலகெங்கும் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். செருப்பு, ஷூ அணியும் குழந்தைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலில் நடப்பவர்களில் 2.8 சதவீதத்தினருக்கு. வெறுங்காலில் வளரும் பாதத்தின் வளைவு நன்றாக உருவாகிறது என்பது அதன் சாரம். நம் கட்டுரைக்கு இது வேறொரு வகையில் உதவுகிறது. மலையடிவாரத்தில் பெரும்பாலும் வெறுங்காலில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு, பன்னிரண்டு வயதில் ஒரு கால் மட்டும் தட்டையாகி வலிக்கத் தொடங்கினால், அதைச் சாதாரணத் தட்டைப் பாதம் என்று ஒதுக்கக் கூடாது.

சாதாரணத் தட்டைப் பாதத்துக்கும் ஒட்டினால் வந்த தட்டைப் பாதத்துக்கும் வித்தியாசம் காண எந்தக் கருவியும் தேவையில்லை. பிள்ளையை முன்விரல்களில் எம்பி நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். இளகிய பாதத்தில் குதிகால் உட்பக்கம் திரும்பும், உள்ளங்காலின் வளைவு எழும்பும். ஒட்டிய பாதத்தில் குதிகால் திரும்பாது. பிறகு குதிகாலைக் கையில் பிடித்து உள்ளும் வெளியும் அசைத்துப் பார்த்தால் இறுக்கம் கைக்கே தெரியும். வலி எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்: கணுக்காலின் வெளிப்பக்கம் சற்று முன்னால் காட்டினால் குதிகால்–நேவிகுலர் ஒட்டை நினைக்கலாம், உள்பக்கம், கணுக்கால் முட்டுக்குக் கீழே காட்டினால் டாலஸ்–குதிகால் ஒட்டை. இந்தத் தொட்டுக் காட்டலைக் குறித்து வைத்துக்கொள்வது மிக முக்கியம், எம்.ஆர்.ஐ. படத்துக்கு உயிர் கொடுக்கப்போவது அதுதான்.

அடுத்தது எக்ஸ்ரே. போடி அரசு மருத்துவமனை அளவிலான இடத்திலேயே எடுக்கக்கூடியது, செலவு சொற்பம். கணுக்கால் வலி என்றதும் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படங்களோடு நிறுத்திக்கொள்வது பழக்கமாகிவிட்டது. ஸ்லோமன் 100 ஆண்டுகளுக்கு முன்பே வற்புறுத்திய சாய்வுக் கோணப் படத்தைக் கேட்டுப் பெற வேண்டும். பக்கவாட்டுப் படத்திலும் தடயங்கள் உண்டு. குதிகால் எலும்பின் முன்முனை நீண்டு நேவிகுலரை எட்டிப் பிடிப்பதை எறும்புத்தின்னியின் மூக்கு என்று கதிரியக்க மருத்துவர்கள் குறிப்பிடுவார்கள். டாலஸ்–குதிகால் ஒட்டில் இரண்டு எலும்புகளின் விளிம்புகளும் சேர்ந்து ஆங்கில 'சி' எழுத்தைப் போல ஒரே கோடாக ஓடும். டாலஸின் முன்பக்கத்தில் அலகு போல எலும்பு துருத்திக்கொண்டிருந்தால், பக்கத்து மூட்டு அளவுக்கு மீறிப் பாடுபடுகிறது என்று பொருள். ஆனால் பாலம் நார்த்திசுவாகவோ குருத்தெலும்பாகவோ இருந்தால் எக்ஸ்ரேயில் நேரடியாகத் தெரியாது.

எம்.ஆர்.ஐ. தேவைப்படுவது இங்கேதான். 1973-ல் பால் லாட்டர்பர் வழிகாட்டி, பீட்டர் மான்ஸ்ஃபீல்டு வளர்த்தெடுத்த இந்த முறைக்காக இருவருக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது. கெட்டி எலும்பை அது கறுப்பாகவே விட்டுவிடுகிறது. அது படமெடுப்பது நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் கருக்களின் காந்த எதிரொலியை. பாதத்து எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜை பெரும்பாலும் கொழுப்பு. ஆகவே டி-1 என்று சொல்லப்படும் படவரிசையில் எலும்பின் உள்பகுதி வெள்ளையாகவும், அதைச் சுற்றிய கெட்டி ஓடு கறுப்புக் கோடாகவும் தெரியும். இரண்டு எலும்புகளுக்கு நடுவே அந்தக் கறுப்புக் கோடு இல்லாமல், ஒன்றின் வெள்ளை மஜ்ஜை மற்றொன்றுக்குள் தடையின்றி ஓடினால் அது முற்றிய எலும்பு ஒட்டு. ஐயத்துக்கே இடமில்லை. குருத்தெலும்பு ஒட்டில் இடைவெளி இருக்கும், ஆனால் குறுகி, விளிம்புகள் கரடுமுரடாக இருக்கும்; கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் வரிசையில் அந்த இடைவெளி குருத்தெலும்புக்கு உரிய நடுத்தர வெளிச்சத்தைக் காட்டும். நார்த்திசு ஒட்டு எல்லா வரிசைகளிலும் இருண்டே தெரியும். இந்தக் கடைசி இரண்டையும் படத்தில் பிரிப்பது எப்போதும் கைகூடுவதில்லை. உண்மையில் நுண்ணோக்கியில் பார்த்தாலும் இரண்டும் கலந்தே இருக்கின்றன. சிகிச்சையும் அந்தப் பிரிவைப் பொறுத்துப் பெரிதாக மாறுவதில்லை என்பதால், அறிக்கையில் 'எலும்பு ஒட்டு', 'எலும்பல்லாத ஒட்டு' என்று இரண்டாகச் சொன்னாலே போதும் என்பது என் கருத்து.

எந்தத் திசையில் வெட்டிப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். குதிகால்–நேவிகுலர் ஒட்டு பக்கவாட்டு வெட்டிலும் கிடைமட்ட வெட்டிலும் நன்றாகத் தெரியும். டாலஸ்–குதிகால் ஒட்டைக் காண முன்னிருந்து பின்னாகத் துண்டு துண்டாக நகரும் குறுக்கு வெட்டுப் படங்கள் வேண்டும். குதிகால் எலும்பின் உள்பக்கத்தில் டாலஸைத் தாங்கும் ஒரு திட்டு இருக்கிறது. அந்தத் திட்டின் மேல் அமைந்த நடு மூட்டுப்பரப்பில்தான் இந்த ஒட்டு பெரும்பாலும் அமைகிறது. ஆனால் நடுப்பரப்புக்குப் பின்னால், மூட்டுக்கு வெளியே அமையும் ஒட்டுகளும் உண்டு. நடுப்பரப்பு நன்றாக இருக்கிறதே என்று அங்கேயே கண்ணை நிறுத்துகிறவர் அவற்றைத் தவறவிடுவார். அந்த இடத்தை ஒட்டித்தான் உள்ளங்காலுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. எலும்புத் துருத்தலோ, ஒட்டின் பக்கத்தில் உருவான நீர்க்கட்டியோ அதை அழுத்தினால் உள்ளங்கால் மரத்துப்போகும், எரியும். எக்ஸ்ரேயில் தெரியாத நரம்பையும் நீர்க்கட்டியையும் எம்.ஆர்.ஐ. சேர்த்தே காட்டிவிடும்.

இந்தியப் பாதங்களின் படத்தைப் படிப்பவர் நினைவில் வைக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. குதிகால் எலும்பின் மேல் டாலஸ் அமரும் பரப்புகள் பாடநூல் படத்தில் மூன்றாக இருக்கும்: பின், நடு, முன். 1977-ல் குப்தா, குப்தா, அரோரா ஆகியோர் 401 இந்தியக் குதிகால் எலும்புகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் முன்பரப்பும் நடுப்பரப்பும் ஒரே பரப்பாகச் சேர்ந்திருந்தன. பாடநூல் காட்டும் மூன்று தனிப் பரப்புகள் கால்வாசியை ஒட்டிய எலும்புகளில்தான் இருந்தன. இங்கே சேர்ந்திருப்பவை ஒரே எலும்பின் மேலிருக்கும் இரண்டு வழவழப்பான பரப்புகள். டாலஸும் குதிகால் எலும்பும் தனித்தனியாக, அசையும் நிலையில்தான் இருக்கின்றன; ஆகவே இது ஒட்டு அல்ல. மேலைநாட்டுப் பாதத்தை மட்டும் அளவுகோலாக வைத்துப் பழகிய கண்ணுக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். நம் ஊரில் அதுதான் பெரும்பான்மை.

எம்.ஆர்.ஐ.யின் தனிச்சிறப்பு, என்னைப் பொறுத்தவரை, ஒட்டைக் காட்டுவதிலேயே முடிந்துவிடவில்லை. முற்றிய எலும்புப் பாலத்தைச் சி.டி. ஸ்கேன் இன்னும் கூர்மையாக, இன்னும் விரைவாகக் காட்டும். 1998-ல் எமரியும் அவருடைய குழுவினரும் ஒரே நோயாளிகளின் சி.டி., எம்.ஆர். படங்களை, ஒன்றின் முடிவு மற்றொன்றைப் படிப்பவருக்குத் தெரியாமல் ஒப்பிட்டபோது, இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போயின. அப்படியானால் எம்.ஆர். எதற்கு? எந்த இடம் நோகிறது என்பதைக் காட்டத்தான். கொழுப்பை அடக்கிய வரிசையில் நல்ல மஜ்ஜை இருண்டுவிடும். நீர் கோத்த மஜ்ஜை மட்டும் ஒளிரும். ஒட்டின் இரண்டு பக்கமும் எலும்புக்குள் வெண்மை படர்ந்திருந்தால் அந்த இடம் ஓயாமல் உராய்ந்து, நெருக்குண்டு கிடக்கிறது என்று அறியலாம். ஜப்பானின் குமாயும் உடன் ஆய்வாளர்களும் 1998-ல் அறுவையில் எடுத்த எலும்பல்லாத ஒட்டுகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, ஒட்டுத் திசுவுக்குள் நரம்பு முனைகள் காணப்படவில்லை. அதை அடுத்த எலும்பின் எல்லையிலேயே சிதைவும் மாற்றமும் இருந்தன. பாலம் தானாக நோவதில்லை. பாலம் ஊன்றிய கரைகள் நோகின்றன. அந்தக் கரைகளை உயிரோடிருக்கும் மனிதரில் பார்க்க நமக்கு இருக்கும் வழி எம்.ஆர். படம்.

இதே வெண்மையை வைத்து வேறு இடத்து நோவையும் பிரித்தறியலாம். ஒட்டு அசையாததால் கணுக்கால் தசைநார்கள் கிழிந்திருக்கலாம், பெரோனியல் தசைநாண்களின் உறையில் நீர் கட்டியிருக்கலாம், மிகையாக உழைத்த பக்கத்து எலும்பில் மயிரிழை முறிவு விழுந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் ஒட்டைப் பார்த்துவிட்டு எல்லாப் பழியையும் அதன் மேல் போட்டால் இவையெல்லாம் தப்பிவிடும்.

முன்பு நான் சொன்ன எதிர்ப்பக்கத் தவறு இதுதான். 1974-ல் லெனார்டு என்பவர், ஒட்டு இருப்பதாகத் தெரிந்த நோயாளிகளின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என 98 பேருக்கு எக்ஸ்ரே எடுத்தார். 39 சதவீதத்தினருக்கு ஏதோவொரு ஒட்டு இருந்தது. அவர்களுக்கு வலி இல்லை. பரம்பரையாக வரக்கூடியது என்பதை உறுதிசெய்த ஆய்வு அது. கூடவே, ஒட்டோடு வாழ்ந்து ஒன்றும் அறியாமலே போய்ச் சேர்கிறவர்கள் எத்தனையோ பேர் என்பதையும் காட்டிவிட்டது. மக்கள்தொகையில் ஒரு சதவீதம் என்றே நெடுநாள் பாடநூல்கள் எழுதிவந்தன. நலபாஃப், ஷ்வைட்சர் ஆகியோர் 2008-ல் வெளியிட்ட எம்.ஆர். ஆய்வில் அது 11.5 சதவீதமாக இருந்தது. 2003-ல் 100 சடலப் பாதங்களை அறுத்தும் சி.டி. எடுத்தும் பார்த்த இன்னொரு குழுவும் பழைய கணக்கைவிடப் பல மடங்கு அதிகமாகவே கண்டது. எனவே வலியோடு வந்த ஒரு பாதத்தில் ஒட்டு தெரிவதாலேயே வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டதாகச் சொல்ல முடியாது. நோயாளி விரல் வைத்துக் காட்டிய இடமும், படத்தில் வெண்மை படர்ந்த இடமும், கையால் அசைத்தபோது இறுகிய மூட்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் தேடல் முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

நம் பகுதியில் அந்தத் தேடலில் இரண்டு நோய்களை விட்டுவிடவே கூடாது. ஒன்று காசநோய். அது நுரையீரலோடு நிற்பதில்லை. பாதத்து மூட்டுகளிலும் தங்கி, மெல்ல மெல்லக் குருத்தெலும்பை அரித்து, கடைசியில் எலும்புகளை ஒட்டச்செய்துவிடும். பிறவி ஒட்டில் எலும்பின் வடிவமே ஆதியிலிருந்து மாறியிருக்கும், சுற்றியுள்ள சதை அமைதியாக இருக்கும். காசநோயில் மூட்டு உறை தடித்து, மஜ்ஜை வெகுதூரம் நனைந்து, சில வேளை சீழ்க்கட்டியும் தெரியும். மற்றொன்று, மதுரையின் பெயரையே தாங்கியிருக்கும் மைசெட்டோமா. தேனி மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது 1990-களின் பின்பகுதியில்தான். ஆகவே மருத்துவ நூல்கள் 'மதுரைப் பாதம்' என்று எழுதும்போது அது நம் ஊரையும் சேர்த்தே குறிக்கிறது. 1842-ல் மதுரையில் பணிபுரிந்த ஜான் கில் என்ற மருத்துவர் அதை விவரித்தார். முள் குத்திய புண் வழியே மண்ணிலிருக்கும் பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே போய், வருடக்கணக்கில் பாதத்தை வீங்கவைத்து, துளைகள் வழியாகக் குருணைகளைத் தள்ளும் நோய் அது. உலக சுகாதார நிறுவனம் 2016-ல்தான் அதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. துளை விழும் முன்பே எம்.ஆர்.ஐ. அதைக் காட்டிக்கொடுக்கும்: ஒளிரும் வட்டத்தின் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளி குருணை, வட்டம் அதைச் சூழ்ந்த அழற்சித் திசு. வெறுங்காலோடு முள்ளிலும் மண்ணிலும் புழங்கும் ஊர்களில் இந்த வேறுபாட்டைத் தெரிந்தவர் கையில் படம் போய்ச் சேர வேண்டும்.

ராசிங்காபுரத்திலிருந்து எம்.ஆர்.ஐ. வரை போகும் பாதையையும் சொல்ல வேண்டும். போடியில் பார்த்து, க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்கள். 2010-ன் கடைசியில் நின்றுபோன போடி ரயில் 2023-ல் அகலப்பாதையில் திரும்பி வந்ததால் மதுரைப் பயணம் முன்பைவிட எளிதாகியிருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் நடத்தும் ஸ்கேன் மையங்களில் சி.டி.க்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய் என்ற அளவில் கட்டணம் இருந்துவருகிறது. இந்த வித்தியாசம் கூலி வேலை செய்யும் வீட்டுக்குச் சிறியதல்ல. கூட வருபவரின் ஒரு நாள் கூலியும் சேர்ந்து போகும். எக்ஸ்ரேயிலேயே முற்றிய எலும்புப் பாலம் தெளிவாகத் தெரிந்து, வலி அதே இடத்தில் இருந்தால், அறுவைக்கான அளவெடுக்கச் சி.டி.யே போதும். எக்ஸ்ரே ஒன்றும் சொல்லாமல் மூட்டு மட்டும் இறுகியிருந்தாலோ, வலியின் இடம் ஒட்டோடு பொருந்தாவிட்டாலோ, நோயாளி சிறுவயதினராக இருந்து கதிர்வீச்சைத் தவிர்க்க நினைத்தாலோ எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புவது சரி. சீட்டில் 'கணுக்கால் வலி' என்று மட்டும் எழுதினால், படத்தைப் படிப்பவர் தசைநார் கிழிசலைத் தேடிவிட்டு நிறுத்திக்கொள்ளக்கூடும். 'குதிகால் மூட்டு இறுகியிருக்கிறது, எலும்பு ஒட்டு உண்டா' என்று ஒரு வரி கூடுதலாக எழுதினால் அதே படம் வேறு பதில் தரும்.

பாதத்து எம்.ஆர்.ஐ.க்குக் கால்தான் முதலில் உள்ளே போகும். தலை குழாயின் வாயிலோ வெளியிலோ இருக்கும். பிள்ளை பயப்படுமோ என்று தயங்குகிற தாய்க்கு இதைச் சொன்னாலே பாதிக் கவலை தீரும். அரை மணி நேரம் காலை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும், இரைச்சல் பலமாக இருக்கும், காதை அடைத்துக்கொள்ளத் தருவார்கள். கொலுசு கட்டாயம் கழற்றப்பட வேண்டும், மெட்டியும்தான். படமெடுக்கும் இடத்துக்கு அருகிலிருக்கும் உலோகம் படத்தைச் சிதைத்துவிடும். வருடக்கணக்கில் கழற்றாத மெட்டி விரலில் இறுகியிருந்தால் ஊரிலேயே சோப்பு நுரை போட்டுக் கழற்றிக்கொண்டு போவது நல்லது. உடலில் எங்காவது பிளேட்டோ பேஸ்மேக்கரோ இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வலிக்கும் ஒட்டு எல்லாவற்றுக்கும் கத்தி தேவையில்லை. ஓய்வு, செருப்புக்குள் குதிகாலைத் தாங்கும் மெத்தை, அடங்காவிட்டால் சில வாரங்கள் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு: இவற்றாலேயே பலருக்கு வலி அடங்கிவிடுகிறது. மஜ்ஜையின் நீர் வற்றியதா என்று தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.யில் மறுபடி பார்க்கலாம். அடங்காத குதிகால்–நேவிகுலர் ஒட்டை வெட்டியெடுத்து, மறுபடி எலும்பு வளர்ந்து சேராதபடி அந்த இடைவெளியில் பக்கத்துத் தசையையோ கொழுப்பையோ திணித்து வைப்பார்கள். 1920-களிலிருந்தே செய்துவரும் அறுவை இது. டாலஸ்–குதிகால் ஒட்டில் முடிவெடுப்பது கடினம். ஒட்டு பின்மூட்டுப் பரப்பின் அளவில் பாதிக்கு மேல் பரவியிருந்தாலும், குதிகால் மிகவும் வெளிச்சாய்ந்திருந்தாலும், வெட்டியெடுத்ததன் பலன் குறைவு என்று 1994-ல் வைல்டும் குழுவினரும் எழுதினார்கள். அந்த எல்லையைப் பற்றி அறுவை மருத்துவர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. பக்கத்து மூட்டுகளில் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டதா என்பதை எம்.ஆர். காட்டும், தேய்ந்திருந்தால் அசைவை மீட்பதைவிட மூட்டை நிரந்தரமாகச் சேர்த்துவிடுவதே வலியைத் தீர்க்கும். சரிவில் வேலை செய்து பிழைப்பவரிடம் இதை மறைக்காமல் பேச வேண்டும். சேர்த்துவைத்த பாதம் நோகாமல் தோட்டத்துக்குப் போகலாம், ஆனால் பக்கவாட்டில் திரும்பாது; அந்தப் பாரத்தைப் பக்கத்து மூட்டுகள் வருடக்கணக்கில் சுமக்க நேரும்.

பாத ஒட்டைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி வடஅமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், விளையாட்டுத் திடலில் வலி கண்ட பதின்வயதினரை வைத்து நடந்தவை. நாள் முழுக்கச் சரிவில் நிற்கும் நாற்பது வயதுப் பெண்ணின் பாதத்தை மையமாக வைத்த ஆய்வு நமக்குத் தேவை. அதைத் தொடங்கப் பெரிய பணம் வேண்டியதில்லை என்றே நம்புகிறேன். 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் ஏற்கெனவே அரசுப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளைச் சோதிக்கின்றன. போடி ஒன்றியத்துப் பள்ளிகளில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை முன்விரலில் எம்பி நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்க்க ஒருவருக்கு ஒரு நிமிடம் போதும். குதிகால் திரும்பாத பிள்ளைக்குச் சாய்வுக் கோண எக்ஸ்ரே. அவர்களில் வலி உள்ளவருக்கும் எக்ஸ்ரே பதில் சொல்லாதவருக்கும் மட்டும் எம்.ஆர்.ஐ. ஒட்டு உறுதியான பிள்ளையின் தாயையும் தந்தையையும் உடன்பிறந்தவர்களையும் அழைத்து, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எம்பி நிற்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். தேனி மருத்துவக் கல்லூரியின் எலும்பியல், கதிரியக்கவியல், சமூக மருத்துவத் துறைகள் சேர்ந்தால் முதுநிலை மாணவர் ஒருவரின் ஆய்வேட்டுக்குள் அடங்கும் வேலை இது. பள்ளியில் தொடங்கும் அந்தக் கணக்கு, காய் எடுத்துவிட்டு மாலை ஜீப்பிலிருந்து இறங்கும் தாய்மார்கள் வரைக்கும் நீள வேண்டும்.